சாம்பல் ஃபெர்குசனில் எது அசல்?

1958 ஜனவரி 4ஆம் தேதி எட்மண்ட் ஹிலாரியும் அவருடைய குழுவினரும் தென் துருவத்தைப் போய்ச் சேர்ந்தார்கள். ஆமுண்ட்செனுக்கும் ஸ்காட்டுக்கும் பிறகு தரைவழியாக அங்கே போன மூன்றாவது குழு அது. மோட்டார் வண்டியில் போன முதல் குழுவும் அதுதான். அவர்கள் ஓட்டிப் போனவை, இங்கிலாந்து விவசாயிகள் உருளைக்கிழங்கு வயலில் ஓட்டிய அதே ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர்கள். பனியில் புதையாமல் இருக்க முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்து நீளப் பட்டை மாட்டியிருந்தார்கள். காற்றுக்கு மறைப்பாகக் கித்தான் கட்டியிருந்தார்கள்.

அந்த டிராக்டர்களில் ஒன்று இன்று ஒரு பட்டறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டையைக் கழற்றி, கித்தானைப் பிய்த்து, பிறந்தபோது இருந்த சாம்பல் நிறத்தைப் பூசி, 'தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே கொண்டுவந்துவிட்டோம்' என்று ஒருவர் சொன்னால், அவர் ஓர் அசலை மீட்டதாகுமா, அழித்ததாகுமா? அழித்ததாகத்தான் ஆகும். பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் சிறிய அளவில் இதே கேள்வி வருகிறது. வண்டியை அப்படியே காப்பாற்ற வேண்டும், வேலைக்கும் பயன்பட வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா? நடக்கும் என்பது என் கட்சி. அதற்கு முதலில் அந்த வண்டியின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டும். சாம்பல் ஃபெர்குசனில் அது பெயின்ட்டிலும் இல்லை, எஞ்சினிலும் இல்லை. இருக்கைக்குக் கீழே, பின் அச்சுக்கு மேலே, எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது.

டி.இ.20 இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை தயாரானது. 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. வடிவமைத்தவர் ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909இன் கடைசி நாளில் தன் கையால் கட்டிய விமானத்தை ஓட்டி, அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவரும் இவரே. முதல் உலகப் போரின்போது அரசு அவரை டிராக்டர் உழவைக் கண்காணிக்க அனுப்பியது. அன்றைய டிராக்டர்கள், மாட்டுக்குப் பதில் கலப்பையைச் சங்கிலியில் இழுத்த இரும்பு மிருகங்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், பின் சக்கரம் சுழல முடியாமல் நிற்கும். எஞ்சின் விடாது. சக்கரத்தைச் சுழற்ற முடியாத முறுக்கு விசை வண்டியையே பின் அச்சைச் சுற்றிச் சுழற்றும். முன்பக்கம் ஆகாயம் பார்க்க எழும்பி, ஓட்டுநர்மேல் கவிழும். பலர் அப்படிச் செத்திருக்கிறார்கள்.

அதற்கு அவர் கண்ட விடை இன்று உலகத்து டிராக்டர் ஏறக்குறைய எல்லாவற்றின் முதுகிலும் இருக்கிறது. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க். தமிழ்நாட்டு வயலில் கல்டிவேட்டரோ ரோட்டவேட்டரோ மாட்டும் அதே மூன்று புள்ளிகள்தான். சென்னையில் 1960இல் டாஃபே நிறுவனம், ஃபெர்குசன் நிறுவனத்தின் வாரிசான மாசி ஃபெர்குசனின் கூட்டோடு தொடங்கப்பட்டதால், கோவென்ட்ரியில் பிறந்த குடும்பத்தின் ஒரு கிளை நம் ஊரிலேயே வளர்ந்தது. டாஃபேயின் சிவப்பு நிற 1035 வண்டியை ஓட்டிப் பழகியவர் சாம்பல் ஃபெர்குசனில் ஏறி உட்கார்ந்தால், கை தானாகவே சரியான லீவருக்குப் போகும்.

கலப்பையைத் தூக்குவது கீழ்க் கைகள். டாப் லிங்க் அதைச் சாயாமல் பிடிப்பதோடு, மண்ணை உணரவும் செய்கிறது. கலப்பை மண்ணுக்குள் இறங்கியதும், மண் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கீழ்க் கைகள் முன்னுக்கு இழுக்கின்றன. மண்ணின் தடை கீழே கொழு முனையில் விழுகிறது, இழுவையோ அதற்கு மேலே இருக்கிறது. இந்த உயர வித்தியாசத்தால் கலப்பை முன்பக்கமாகக் குப்புறச் சாயப் பார்க்கும். சாயும்போது டாப் லிங்க்கை டிராக்டரை நோக்கி அமுக்கும். அந்த அமுக்கத்தை வாங்கிக்கொள்ள டிராக்டரின் பின்புறத்தில் தடித்த சுருள்வில் ஒன்று உண்டு.

இனி நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். இறுகிய மண் வருகிறது, தடை கூடுகிறது, வில் அமுங்குகிறது. அமுங்கிய வில் ஒரு நெம்புகோல் வழியாக ஹைட்ராலிக் பம்ப்பின் வால்வை நகர்த்துகிறது. எண்ணெய் உள்ளே பாய, கைகள் துளி உயர்கின்றன. கலப்பை கொஞ்சம் மேலே வருகிறது. தடை குறைந்ததும் வில் விரிகிறது, வால்வு திரும்புகிறது, கலப்பை மறுபடி தன் நிலைக்கு இறங்குகிறது. ஓட்டுநர் லீவரில் குறித்து வைப்பது ஆழத்தையன்று, இழுவிசையை. அந்த விசையை மாறாமல் வைத்துக்கொள்ளும் பொறுப்பை வில்லும் வால்வும் எண்ணெயும் தாமே பார்த்துக்கொள்கின்றன. ஒரு மின்கம்பிகூட இதில் கிடையாது. இன்றைய இயந்திர மனிதக் கைகளை இயக்கும் பின்னூட்டத் தத்துவம், 1930களிலேயே சேற்றுக்கு நடுவே, கிரீஸ் படிந்த இரும்பில் ஓடிக்கொண்டிருந்தது.

இதோடு இன்னொரு லாபமும் கிடைத்தது. கலப்பையின் எடை, அதன்மேல் புரளும் மண்ணின் எடை, கொழுவைக் கீழே இழுக்கும் மண்ணின் விசை மூன்றையும் லிங்க்குகள் பின் சக்கரங்களின்மேல் ஏற்றிவிடுகின்றன. டி.இ.20இன் எடை ஏறக்குறைய 1,100 கிலோதான். ஆனாலும் கனத்த டிராக்டர்களுக்கு ஈடாகப் பிடித்து இழுத்தது. வேலை கடினமாக ஆக, டயர் மண்ணைக் கவ்விக்கொள்ளும் பிடியும் கூடியது. கலப்பை பாறையில் மோதினாலோ, டாப் லிங்க்கின் உந்துதல் முன்பக்கத்தைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கும். அதே நொடியில் அளவுக்கு மீறி அமுங்கிய வில் எண்ணெயைத் திறந்துவிட்டு, பின் சக்கரத்தின் மேலிருந்த அந்தக் கூடுதல் எடையை இறக்கிவிடும். சக்கரம் வெறுமனே சுழலும், வண்டி எழும்பாது. ஆளைக் கொன்ற சிக்கலுக்கு இதைவிட அழகான விடையை நான் இயந்திர உலகில் அதிகம் பார்த்ததில்லை.

இதுதான் அந்த வண்டியின் அசல் என்று நான் சொல்வேன். அதனால், என் கணக்கில் ஒரு ஃபெர்குசனுக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் நிறத்தை மாற்றுவதன்று. தேய்ந்த பம்ப்பைச் சரிசெய்யச் சோம்பி, அதைத் துண்டித்துவிட்டு, வெளியே வேறொரு பம்ப்பும் சாதாரண வால்வும் மாட்டிக் கைகளைத் தூக்க வைப்பதுதான். பார்ப்பதற்கு வேலை நடக்கும். கலப்பை ஏறும், இறங்கும். ஆனால் மண்ணை உணரும் சுற்று செத்துப்போயிருக்கும். லோடர் மாட்ட வேண்டும் என்றால் வெளி பம்ப்பைத் தனிச் சுற்றாக வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. பழைய சுற்றில் மட்டும் கை வைக்கக்கூடாது.

அப்படியானால் எதில் கை வைக்கலாம்? கை வைத்தே ஆக வேண்டிய இடங்களும் இருக்கின்றன. டி.இ.20இல் கிளட்ச்சை மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்பதில்லை, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டும் ஹைட்ராலிக் பம்ப்பும் சேர்ந்தே நின்றுவிடும். மூன்றுக்கும் விசை ஒரே வழியில் வருவதால் அப்படி. இப்போது பின்னால் புல் வெட்டும் ரோட்டரி கட்டர் ஒன்றை மாட்டுங்கள். வேகமாகச் சுழலும் கனத்த கத்திகள் அவை. வேலி நெருங்குகிறது, ஓட்டுநர் கிளட்ச்சை மிதிக்கிறார். எஞ்சினிலிருந்து விசை வருவது நின்றுவிட்டது. ஆனால் சுழலும் கத்திகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் பி.டி.ஓ. வழியே தலைகீழாக கியர்பாக்ஸுக்குள் புகுந்து, பின் சக்கரங்களைத் தள்ளுகிறது. கிளட்ச் முழுக்க அமுங்கியிருந்தும் வண்டி வேலியை நோக்கிப் போகிறது.

1940களின் பெரும்பாலான கருவிகளுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. இன்றைய வேலைக்கு உண்டு. இதற்கு ஒருவழிக் கப்ளிங் ஒன்று கிடைக்கிறது: மிதிக்காமல் விட்டாலும் சக்கரம் உருளும் சைக்கிளின் ஃப்ரீவீல் எப்படியோ, அப்படி. எஞ்சின் கத்தியைச் சுழற்றலாம், கத்தி வண்டியைத் தள்ள முடியாது. பி.டி.ஓ. தண்டின்மேல் செருகி ஒரு முள் போட்டால் முடிந்தது. அதைக் கழற்றி எடுத்தால் ஒரு கீறல்கூட மிஞ்சாது. மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும். தண்டின் நீளம் சில அங்குலம் கூடுவதால் இணைப்புத் தண்டைச் சரிபார்க்க வேண்டும், அதை மறந்துவிடக்கூடாது.

பேட்டரி சங்கதி இன்னும் சுவையானது. தொடக்ககால டி.இ.20கள் 6 வோல்ட்டில் ஓடின. சில ஆண்டுகளிலேயே தொழிற்சாலை 12 வோல்ட்டுக்கு மாறிக்கொண்டது. எஞ்சினும் அப்படியே. முதலில் அமெரிக்காவின் கான்டினென்டல் எஞ்சினைப் போட்டு அனுப்பினார்கள், பிறகு சொந்த ஊர் ஸ்டாண்டர்ட் எஞ்சின் வந்தது, 1951இல் டீசலும் வந்தது. 'அசல்' என்பது தொழிற்சாலையிலேயே நகர்ந்துகொண்டிருந்தது. 6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாறியது ஏன்? ஸ்டார்ட்டருக்கு 1,000 வாட் வேண்டும் என்று கொள்வோம். 6 வோல்ட்டில் அதற்கு ஏறத்தாழ 167 ஆம்பியர் பாய வேண்டும். 12 வோல்ட்டில் அதில் பாதி போதும். கம்பியில் சூடாகி வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், பாதியானால் இழப்பு கால் பங்குதான். 70 ஆண்டு பழைய கம்பி, பச்சை பூத்த முனைகள், குளிரில் இறுகிய எண்ணெய் எல்லாம் சேர்ந்தால், இந்தக் கணக்குதான் வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பதைத் தீர்மானிக்கும்.

12 வோல்ட்டுக்கு மாற்றும்போது பலர் ஆல்டர்னேட்டரும் வைக்கிறார்கள். அங்கேதான் ஒரு நுணுக்கம் நழுவிப்போகிறது. இந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைச் சட்டத்தோடு எர்த் செய்திருந்தார்கள். இன்றைய ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த்தை எதிர்பார்க்கும். பேட்டரியைத் திருப்பி வைப்பவர்கள், இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயர்களையும் மாற்ற மறந்துபோகிறார்கள். வண்டி ஓடும், ஆனால் முக்கி முனகி ஓடும். ஸ்பார்க் பிளக்கின் நடு முனை ஓரத்து முனையைவிட அதிகம் சூடாக இருக்கும். சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்பும். நடு முனை நெகட்டிவாக இருந்தால் குறைந்த வோல்ட்டேஜிலேயே பொறி தாவும். ஒயர் மாறிப்போனால், குளிர்ந்த முனையிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும். அதற்குக் காயில் கூடுதலாக உழைக்க வேண்டும்.

எரிபொருளில் அசலாக இருப்பது நம் கையிலேயே இல்லை. அந்தக் காலத்தில் கெரசின் போன்ற மலிவான டிராக்டர் எண்ணெயில் ஓடிய ஃபெர்குசன்கள் நிறைய. பெட்ரோலில் கிளப்பி, மேனிஃபோல்ட் நன்றாகச் சூடேறியதும் அந்த எண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது ஆவியாக வெப்பம் வேண்டும். எளிதில் நாக் அடிக்கும் என்பதால் அமுக்க விகிதமும் குறைவாக இருந்தது. சரியாக ஆவியாகாத துளிகள் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். அந்த எண்ணெய் 1970களில் பெட்ரோல் பங்க்குகளிலிருந்து மறைந்தது. ஈயம் கலந்த பெட்ரோலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000இல் போயிற்று. ஈயம் வால்வு இருக்கையில் ஒரு மெல்லிய படிவம் விட்டு, சூடான வால்வு இரும்போடு ஒட்டிப் பிய்வதைத் தடுத்துவந்தது. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள் நிதானமாக ஓடும் டிராக்டருக்கு இது காருக்கு இருப்பதுபோல் பெரிய ஆபத்து இல்லை. ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினப்படுத்திய இருக்கை வளையம் போட்டுவிட்டால் அந்தக் கவலையும் தீரும்.

ஈயத்தைவிட எனக்கு எத்தனால்மேல்தான் கவலை. பிரிட்டனில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை, இந்தியாவில் 20 சதவீதம் வரை அது வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் குழாயை ஊதவைக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தனியாகத் தங்கி, இரும்பையும் கார்புரேட்டரின் துத்தநாகக் கலவையையும் அரிக்கும். இங்கே அசல் ரப்பர் குழாயைக் காப்பாற்றுவதில் எந்தப் பெருமையும் இல்லை. கசியும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. குழாயையும் சீலையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும், மாதக்கணக்கில் ஓட்டாமல் விடும்போது தொட்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கக்கூடாது.

ஓட்டாமல் விடுவது என்று வரும்போது, ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். கொட்டகையில் துணி போர்த்தி நிறுத்திவிட்டால் வண்டி அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இருக்காது. இரவில் குளிரும் பகலில் வெயிலும் மாறிமாறி வர, உள்ளே காற்றில் உள்ள ஈரம் எண்ணெயில் சொட்டும். ஃபெர்குசனில் கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். ஈரம் சேர்ந்தால் அது மோர் நிறத்துக்குத் திரிந்து, பம்ப் வால்வின் நுண்ணிய பரப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கும். டயரின் பக்கச்சுவரில் ஓசோன் விரிசல் போடும். மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுவதும் பாதி மருந்துதான். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் அணைத்தால், எரிதலில் பிறந்த தண்ணீர் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும். ஒரு மணி நேரம் சுமையோடு உழவிட்டால், ஈரமும் போகும், வால்வும் அசையும், சீலும் எண்ணெயில் நனையும். இந்த வண்டிக்கு உழவே பராமரிப்பு.

பாதுகாப்புப் பக்கம் வந்தால், அசலும் பயன்பாடும் இரண்டு இடங்களில் நேர் எதிராக நிற்கின்றன.

முதல் இடத்தில் அசல்தான் சரி. சாம்பல் ஃபெர்குசனில் சாவிக்குப் பிறகு அமுக்கத் தனி ஸ்டார்ட்டர் பொத்தான் கிடையாது. கியர் லீவரையே 'எஸ்' என்று குறித்த இடத்துக்குத் தள்ள வேண்டும், அப்போதுதான் ஸ்டார்ட்டர் சுற்றும். லீவர் அங்கே இருக்கும்போது எந்த கியரும் விழுந்திருக்க முடியாது. ஆகவே கியரில் இருக்கும் வண்டியைக் கீழே நின்றபடி தெரியாமல் கிளப்பி, தன்மேலேயே ஏற்றிக்கொள்ள வழியில்லை. அது பழுதானதும் பலர் பேனலில் ஓட்டை போட்டு ஒரு பொத்தானை வைத்துவிடுகிறார்கள். அன்றைய பொறியாளர் யோசித்துத் தடுத்த சாவுக்கு மறுபடி கதவு திறப்பது அது.

இரண்டாவது இடத்தில் அசல்தான் ஆபத்து. இந்த வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. ஸ்வீடன் 1959இல் புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது, பிரிட்டன் 1970இல். பின்பக்கமாகக் கவிழ்வது ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். அதில் பாதிக்குள்ளேயே, கிளட்ச்சை மிதித்தாலும் வண்டியைத் திரும்பக் கொண்டுவர முடியாத கோணம் தாண்டிப்போயிருக்கும். ஃபெர்குசன் எழும்பாது என்று மேலே சொன்னேனே, அது மூன்று புள்ளியில் கலப்பை மாட்டியிருக்கும்போது மட்டும். மரத்துண்டை இழுக்கச் சங்கிலியை டாப் லிங்க் கொக்கியில், அச்சுக்கு மேலே கட்டினால், ஹாரி ஃபெர்குசன் ஒழித்த அதே பழைய மரணம் திரும்பிவரும். சங்கிலி எப்போதும் அச்சுக்குக் கீழே டிராபாரில்தான். சரிவிலும் சாலையிலும் வேலை செய்யும் வண்டிக்குச் சோதித்துச் சான்று பெற்ற சட்டத்தை மாட்டிவிட வேண்டும், அதோடு சீட் பெல்ட்டும். சட்டம் இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டால், கவிழும் வண்டியோடு ஆளைக் கட்டிவைத்ததாகிவிடும். பட்டறையில் குழாயை வளைத்து வெல்டு வைக்கும் சட்டம் கூடாது. அது வாங்கும் அடி முழுவதும் பின் அச்சின் வார்ப்பிரும்பில் போய் இறங்கும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கண்காட்சியில் மதிப்பெண் குறையும் என்று இதைத் தள்ளிப்போடுபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

பெயின்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. தொழிற்சாலை பூசிய சாம்பல் நிறம் மெல்லியது. வார்ப்பின் சொரசொரப்பு அதன் வழியே தெரியும். இன்று மீட்டெடுக்கும் பலர் அந்தச் சொரசொரப்பைப் புட்டி வைத்து வழவழப்பாக்கி, கண்ணாடிபோல் மின்னவிடுகிறார்கள். எந்த ஃபெர்குசனும் அப்படிப் பேனர் லேனை விட்டு வெளியே வந்ததில்லை. பழைய பூச்சு பாதியாவது இருந்தால் கழுவி, மெழுகு பூசி, விட்டுவிடுவதே மேல். பிரேக் மிதியில் பூட்ஸ் தேய்த்த பள்ளம், யாரோ கொல்லர் அடித்து மாட்டிய பட்டி எல்லாம் அந்த வண்டியின் ஆவணம். பிரித்துவிட்டால் மறுபடி எழுத முடியாது. எதையாவது கழற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் படம் எடுங்கள். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும் இதையே கேட்கிறது: மாற்றம் திரும்பப் பெறக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய அசல் பாகங்கள் வண்டியோடேயே இருக்கட்டும். 6 வோல்ட் டைனமோவை ஓர் எண்ணெய்த் துணியில் சுற்றி, எந்த வண்டியுடையது, எப்போது கழற்றியது என்று எழுதிப் பெட்டியில் வைக்க அரை மணி நேரம் போதும்.

எல்லா டிராக்டருக்கும் ஒரே நியாயம் இல்லை. ஃபெர்குசன் 1933இல் செய்த கறுப்பு டிராக்டர், இந்த மொத்த வம்சத்துக்கும் முன்னோடியான ஒற்றை மாதிரி, லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் ஒரு போல்ட்டைக்கூட யாரும் மாற்றக்கூடாது, அதை உழவிடவும் கூடாது. தேய்ந்துபோனால் அந்த இரும்பு வேறு எங்கும் இல்லை. 5 லட்சத்தில் ஒன்றான டி.இ.20க்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அதன் ஸ்டாண்டர்ட் எஞ்சினில் சிலிண்டர் லைனரைத் தனியே உருவிப் புதிதாகப் போடலாம். லைனர், ரிங், பம்ப் சீல், கிளட்ச் தட்டு எல்லாம் இன்றும் புதிதாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. உழவில் தேயும் பாகங்கள் பெரும்பாலும் இவைதான். டாப் லிங்க்கின் வில்லும் வால்வும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைக் காண, அருங்காட்சியகத்துக் கறுப்பு டிராக்டரால் உதவ முடியாது. அதற்கு ஒரு சாம்பல் ஃபெர்குசனில் கலப்பை மாட்டி ஈர மண்ணில் இறக்கி, மணலும் களியும் மாறிமாறி வரும் ஒரு சாலில் ஓட்டிவிட்டு, பின்னால் கூடவே நடந்துபோனால் போதும். மண் மாறும் இடத்தில் கைகள் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.